மெஷினை இறக்கும் முன் ஓர் அரை மணி நேரம்

குமரி மாவட்ட முந்திரி ஆலை உரிமையாளர்களுக்கும் மேலாளர்களுக்கும்,

வணக்கம். மார்த்தாண்டம் பக்கத்தில் ஓர் அண்டி ஆபீஸில், அதாவது முந்திரி ஆலையில், 22 வருஷம் கணக்கு எழுதியவன் நான். உடைப்பு மெஷின், நிறம் பார்த்துப் பருப்பைப் பிரிக்கிற கேமரா மெஷின் என்று தொழில் மாறிக்கொண்டிருக்கிறது. அவற்றை இறக்கும் முன் வேலை செய்கிற பெண்களோடு ஓர் அரை மணி நேரம் உட்கார்ந்து, மெஷின் எதற்கு என்று கதையாகப் பேசிவிடுங்கள் என்று சொல்லவே இந்த மடல்.

எங்கள் ஆலையில் கைரேகை மெஷின் வைத்த வாரம் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. ஒன்றாம் தேதி முதல் விரல் வைத்தால்தான் வருகைப் பதிவு என்று கேட்டில் ஒரு நோட்டீஸ் ஒட்டினோம். நாங்கள் செய்தது அவ்வளவுதான். முதல் நாள் காலை, அண்டி தல்லுகிற, அதாவது முந்திரிக்கொட்டையை உடைக்கிற, அக்கா ஒருவர் விரலை வைத்தார். மெஷின் எடுக்கவில்லை. சேலைத் தலைப்பில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். அப்போதும் இல்லை. சாம்பல் தொட்டுக்கொண்டு உட்கார்ந்தாலும், வருஷக்கணக்காக முந்திரித் தோட்டின் எண்ணெய் பட்டுப் பட்டு விரல்நுனி கறுத்து, ரேகையே தேய்ந்திருந்தது. பின்னால் நின்றவர்களுக்கு ஒன்றுதான் தோன்றியது: ஆளைக் கழிக்கத்தான் இந்த மெஷின். மறுநாள் பாதிப் பேர் வரவில்லை.

இன்னொரு நோட்டீஸ் ஒட்டினோம். பலனில்லை. அப்புறம் ஒரு நாள் சாயா நேரத்தில், பீலிங்கில் (பருப்பின் தோலை உரிக்கிற பிரிவில்) இருந்த ஒரு மூத்த அம்மா பேசினார்: "ஆபரேசன் கழிஞ்சு கெடந்தப்ப எனக்கு ஈஎஸ்ஐ பைசா கிட்டல மக்களே. ஆறு மாசத்துல 78 நாளு வேணுமாம். நான் அதுக்கு மேல வந்தேன். புஸ்தகத்துல 71 தான் கெடக்கு. மெஷின் இருந்தா எனக்க நாளு போயிருக்காது." ஈஎஸ்ஐ என்கிற தொழிலாளர் காப்பீட்டில் நோய்க்காலப் பணம் வாங்கத்தான் அந்த நாள் கணக்கு. அந்த வருகைப் புத்தகம் எங்கள் மேசையில் எழுதியது. விட்டுப்போன நாட்கள் எங்கள் கைத்தவறு. நான் தலைகுனிந்து நின்றேன். ஆனால் அன்றைக்குத்தான் மெஷின் எதற்கு என்று எல்லாருக்கும் புரிந்தது. ரேகை தேய்ந்தவர்களுக்கு விரலுக்குப் பதிலாக வருகை பதிய அட்டை கொடுக்க வேண்டும் என்பது எங்களுக்கும் புரிந்தது.

நம் ஊர் வில்லுப்பாட்டை நினைத்துப் பாருங்கள். புலவர் மட்டும் பாடினால் அது கச்சேரி. பக்கத்தில் குடம் அடிக்கிறவரும் உடுக்கை அடிக்கிறவரும் "ஆமா" போட்டு, இடையில் புகுந்து கேள்வி கேட்டு இழுத்தால்தான் கதை நகரும். சுடலைமாடன் கதை கேட்டு வளர்ந்த காதுகளுக்கு, ஒழுகினசேரிக்காரர் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் காந்தியின் கதையையும் அதே வில்லில்தான் பாடிக் கொண்டுபோனார். கேட்கிறவர்களுக்குப் பழகிய வடிவம் என்பதால் புதிய சேதியும் உள்ளே போனது. மெஷின் சேதியையும் அப்படி, கேள்வி கேட்க இடம் விட்டு, கதையாகச் சொல்லுங்கள்.

கதை என்றதும் வெளியூரிலிருந்து பயிற்சியாளரை அழைத்து, எல்லாம் நன்மைக்கே என்று பேச வைத்துவிடாதீர்கள். ஏற்கெனவே மெஷின் ஓடுகிற ஆலையிலிருந்து இரண்டு பெண்களை ஒரு நாள் கூலி கொடுத்து வரவழையுங்கள். கை எரிச்சல் குறைந்ததா, பருப்பு அதிகம் உடைகிறதா, கிலோக் கணக்குக் கூலி என்ன ஆனது, யாருக்கு வேலை போயிற்று என்று அவர்கள் வாயாலேயே சொல்லட்டும். நல்லதை மட்டும் சொல்லச் சொல்லி அனுப்பாதீர்கள். அப்படிச் சொன்னால் கேட்கிற பெண்களுக்கு உடனே தெரிந்துவிடும். உங்கள் ஆலையில் எத்தனை பேர் தல்லுகிற இடத்திலிருந்து எழ வேண்டிவரும், அவர்களைப் பீலிங்குக்கோ, பருப்பைத் தரம் பிரிக்கிற கிரேடிங்குக்கோ எப்போது மாற்றுவீர்கள் என்பதை அன்றைக்கே நீங்களும் சொல்லிவிடுங்கள்.

அந்த அரை மணி நேரத்துக்குக் கூலியைப் பிடிக்காதீர்கள். கிலோக் கணக்கில் சம்பாதிக்கிறவருக்கு அரை மணி என்பது பணம். மேனேஜரும் அன்று நாற்காலியை ஒதுக்கிவிட்டு அவர்களோடு தரையில் உட்காரட்டும். கேட்கிற கேள்விகளை ஒரு நோட்டில் எழுதி, மறு வாரம் அதே இடத்தில் பதில் சொல்லட்டும்.

இப்படிக்கு,
விளவங்கோடு வட்டத்திலிருந்து ஒரு முன்னாள் கணக்கர்