ரெப்பைப் பார்க்கும் நேரம்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன மாதம் கும்பகோணத்தில் ஒரு ஸ்டாக்கிஸ்ட் (மருந்து மொத்த வியாபாரி) கடை வாசலில், எம்.பி.ஏ. படிக்கும் பெண் ஒருவர் எங்களைப் போன்ற மெடிக்கல் ரெப்புகளைப் பிடித்து நிறுத்தி ஒரு படிவத்தை நிரப்பச் சொன்னார். மருந்து விற்பனையில் இருப்பவர்களின் பணி நிறைவும், பெண் மேலாளர்களைப் பற்றிய மனப்பான்மையும் என்பது அவருடைய புராஜெக்ட். பைக் டேங்க் மேல் தாளை வைத்து டிக் அடித்தேன். தொழிலில் நிறைவாக இருக்கிறீர்களா என்பதற்கு ஐந்துக்கு நான்கு. பெண் மேலாளரின் கீழ் வேலை பார்க்க ஆட்சேபம் உண்டா என்பதற்கு ‘இல்லை’. எனக்கு முன்னால் நிரப்பிய ஆறு பேரின் தாளையும் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டேன். எல்லாரும் ‘இல்லை’தான்.

அந்தப் பெண் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு போய்விட்டார். அவர் கையில் உங்கள் பத்திரிகை இருந்தது. என் பதிலை நம்ப வேண்டாம் என்று அவருக்குச் சொல்ல வேறு வழி தெரியாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

26 வருடமாக ரெப். ஹெட்குவார்ட்டர்ஸ் கும்பகோணம். மாதம் இரண்டு தடவை வலங்கைமான், நீடாமங்கலம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி என்று வேதாரண்யம் வரை போகிற லைன் என்னுடையது. நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் நின்ற நேரத்தைச் சேர்த்து வைத்திருந்தால் ஒரு வருட லீவு தேறியிருக்கும்.

சில வருடங்களுக்கு முன் எங்கள் டீமுக்கு ஏரியா மேனேஜராக ஒரு பெண் வந்தார். அதுவரை ஜாயின்ட் ஒர்க், அதாவது மேனேஜரும் ரெப்பும் சேர்ந்து டாக்டர்களைப் பார்க்கப் போவது என்றால், என் பைக்கின் பின் ஸீட்தான். மேனேஜர் பஸ்ஸில் வந்து இறங்குவார், என் பையை மடியில் வாங்கிக்கொண்டு ஏறி உட்காருவார், ஊர் முழுக்கச் சுற்றுவோம். கம்பெனியின் செலவுக் கணக்கும் அப்படித்தான் போட்டிருந்தது: ஊருக்கு வந்து சேர பஸ் கட்டணம், ஊருக்குள் ரெப்பின் வண்டி. மேடம் முதல் நாள் கும்பகோணம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி என் பைக்கைப் பார்த்தார். நானும் பைக்கைப் பார்த்தேன். இரண்டு பேரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆட்டோ பிடித்தார். அடுத்த மாதத்திலிருந்து தஞ்சாவூரிலிருந்து சொந்த ஸ்கூட்டியில் வந்துவிடுவார். முன்னால் நான், பின்னால் அவர். கண்ணாடியில் ஸ்கூட்டி தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே ஓட்டுவேன். வேதாரண்யம் லைனுக்கு மட்டும் பஸ். அந்த பெட்ரோல் பில் ஒன்பது மாதம் பாஸாகவில்லை. பாலிசியில் இடமில்லையாம்.

மன்னார்குடியில் ஒரு டாக்டர். “சார், எங்க மேனேஜர் வந்திருக்காங்க” என்றேன். எனக்குப் பின்னால் கதவுப் பக்கம் எட்டிப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை. பிறகு என் பக்கத்தில் நின்றவரிடம், “ட்ரெய்னிங்காம்மா?” என்றார். மேடம் சிரித்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தார். காலையிலேயே எதிர்க் கடையில் பிரிஸ்கிரிப்ஷன் பார்த்துவிட்டு வந்திருந்தார். எங்கள் சிரப் அங்கே மூன்று மாதமாக ஸ்டாக் இல்லை. அன்றிலிருந்து அந்த டாக்டர் எங்கள் சிரப்பையே எழுதினார் என்று கதை விட மாட்டேன், இன்றுவரை எழுதவில்லை. நான் மூன்று மாதமாக அந்தக் கடைப் படியே ஏறாமல் ரிப்போர்ட்டில் மட்டும் ஏறிக்கொண்டிருந்தது அன்று மேடத்துக்குத் தெரிந்துபோனது.

அவரைப் பற்றி எங்களுக்குள் புழங்கிய புகார் ஒன்றே ஒன்றுதான்: “மேடத்துகிட்ட மனசு விட்டுப் பேச முடியலை.” நானும் பத்துப் பேரிடம் சொல்லியிருப்பேன். மனசு விட்டுப் பேசுவது என்றால் என்ன என்று இப்போது எழுதிவிடுகிறேன். முன்பிருந்த மேனேஜர்களோடு ராத்திரி 10 மணிக்குக் கடைசி டாக்டரை முடித்துவிட்டு லாட்ஜ் ரூமுக்குப் போவோம். பாட்டில் செலவு ரெப்புடையது. இரண்டாவது ரவுண்டில் டார்கெட் பேச்சு வரும். “உன்னோடதுல பத்தாயிரத்தைத் தூக்கிப் பட்டுக்கோட்டை தலையில போட்டுரலாம், விடு.” பட்டுக்கோட்டை ரெப் குடிக்காதவர், அந்த ரூமுக்கு வராதவர். டீமில் ஒரு பெண் ரெப் இருந்தார். நான்கு வருடத்தில் ஒரு தடவைகூட அவர் டார்கெட் குறைந்ததில்லை. ஏன் குறையவில்லை என்று எங்களில் ஒருவரும் கேட்டதில்லை.

மேடம் வந்த பிறகு ஸ்டாக்கிஸ்டுகளின் செகண்டரி கணக்கை, அதாவது அவர்களிடமிருந்து கடைகளுக்குப் போன சரக்கின் கணக்கை, மீட்டிங்கில் எல்லார் முன்னிலையிலும் விரித்து வைத்து டார்கெட் பிரித்தார். எனக்கு 70,000 ரூபாய் ஏறியது, பட்டுக்கோட்டைக்கு இறங்கியது. “பொம்பளைங்களுக்கு டீமை அரவணைச்சுப் போகத் தெரியாது” என்று நான் அப்போது பேசியது அந்த 70,000 பேசிய பேச்சு.

திருத்துறைப்பூண்டியில் ஒரு மத்தியானம், “இங்க லேடீஸ் எங்கங்க போவாங்க?” என்று கேட்டார். அத்தனை வருடமாக அந்த ஊரில் எந்த டாக்டர் எத்தனை மணிக்கு உட்காருவார், எந்தக் கடையில் எந்தக் கம்பெனிச் சரக்கு எந்த ஷெல்பில் இருக்கும் என்று சொல்லத் தெரிந்த எனக்கு, இதற்குப் பதில் தெரியவில்லை. மருந்துக்கடை அக்கா ஒருவர்தான் கேட்டுவிட்டுக் கடைக்குப் பின்னால் இருந்த தன் வீட்டுக்குக் கூட்டிப் போனார். அதற்கப்புறம் எங்கள் டூர் புரோகிராமில் 12 மணிக்கு அந்தக் கடை நிரந்தரம். ரிப்போர்ட்டில் ‘கெமிஸ்ட் கால்’ (மருந்துக்கடைச் சந்திப்பு) என்று எழுதுவோம். ஆர்டர் இருக்கிறதோ இல்லையோ, கால் உண்டு.

அந்த மாணவி படிவத்தை வாங்கும்போது ஒன்று சொன்னார். 1973இல் வர்ஜீனியா ஷைன் என்ற அமெரிக்க உளவியலாளர், இன்சூரன்ஸ் கம்பெனிகளில் இருந்த 300 ஆண் மேலாளர்களிடம் 92 குணங்களைக் கொடுத்துக் கேட்டாராம். நல்ல மேலாளருக்கு என்று அவர்கள் குறித்த குணங்கள் பெண்களைவிட ஆண்களுக்கு என்று குறித்தவற்றோடுதான் ஒத்துப்போயின. 1975இல் பெண் மேலாளர்களிடமே கேட்டபோதும் அதே கதை. எங்கள் டீம் பெண் ரெப்பும் முதலில், “ஆம்பளை மேனேஜர்னா பரவாயில்லைண்ணா, டாக்டர் உக்காரச் சொல்வார்” என்றுதான் சொன்னார். அந்தப் பெண்ணுக்கு மேடத்தின் மேல் ஒரு கோபமும் இல்லை. நாற்காலி யாருக்குக் கிடைக்கிறது என்று பார்த்துச் சொன்னார், அவ்வளவுதான்.

என் பணி நிறைவு நான்கு என்றேனே, அதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். ராத்திரி 11 மணிக்கு வீட்டுக்குப் போனால் சோறு மூடி இருக்கும். பிள்ளைகளின் பள்ளிக்கூடம், அம்மாவின் சர்க்கரை மாத்திரை எல்லாம் என் மனைவி பார்த்துக்கொண்டார். இந்த வேலையே வீட்டில் இன்னொருவர் இருப்பார் என்ற கணக்கில் அமைந்த வேலை. என் நான்கில் இரண்டு அவருடையது. மேனேஜர் பதவி இரண்டு தடவை வந்தது, வேண்டாம் என்றேன். ரெப்புக்காவது 1976ஆம் ஆண்டின் விற்பனை மேம்பாட்டு ஊழியர் சட்டம் என்று ஒன்று இருந்தது. நிர்வாகப் பதவிக்குப் போய்விட்டால் அந்தச் சட்டம் கூட வராது. 2020இல் வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும், மேற்பார்வை வேலையில் மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்குபவர் தொழிலாளர் ஆக மாட்டார். டார்கெட் தவறினால் ராஜினாமா கடிதத்தை வாங்கிக்கொள்வார்கள், முடிந்தது. சங்கத்தில் ஊறிய எனக்கு இது தெரியும். மேடத்துக்கும் தெரியும். தெரிந்துதான் வந்தார்.

மூன்று வருடம் இருந்தார். அடுத்த பதவி வந்தபோது மறுத்துவிட்டு, பிறகு வேலையையே விட்டுவிட்டார். “குடும்பத்தைப் பார்க்கணும்னு போயிட்டாங்க” என்று எங்கள் வட்டாரத்தில் சொல்கிறார்கள். நடந்ததை நான் பார்த்திருக்கிறேன். வேதாரண்யத்தில் பேஷன்ட் எல்லாரும் போன பிறகு ஒன்பதே முக்காலுக்கு எங்களைக் கூப்பிடுவார்கள். இரண்டு நிமிடப் பேச்சு. வெளியே வந்தால் தஞ்சாவூர் போக வழியில்லை. லாட்ஜில், “தனியா லேடிக்கு ரூம் தர்றதில்லை சார்” என்று என்னிடம் சொன்னார்கள். கேட்டவர் மேடம், பதில் எனக்கு. மேனேஜராக அந்த மாவட்டத்து வியாபாரம் முழுக்க அவர் பெயரில் இருந்தது, ஒரு ராத்திரி தங்க ரூம் இல்லை. கடைசியில் என் மச்சினிச்சி வீட்டில் படுத்தார். கம்பெனிக்கு எழுதினோம். கூடுதல் தங்கல் படி தருவதாகப் பதில் வந்தது. படி கொடுத்தால் ரூம் முளைக்குமா?

இப்போது வந்திருப்பவர் ஆண். நல்ல மனிதர், பாட்டில் பழக்கமும் இல்லை. அவருக்கு எங்கும் ரூம் கிடைக்கிறது.

ஆகவே அந்த மாணவிக்கு: ஆண் மேலாளரா, பெண் மேலாளரா என்று எங்களிடம் கேட்டால் நல்ல பிள்ளையாக டிக் அடித்துக் கொடுப்போம். ஒவ்வொரு ஊரிலும் டாக்டர்கள் ரெப்பை எத்தனை மணிக்குப் பார்க்கிறார்கள் என்று கேட்டு வாருங்கள். உங்கள் பத்திரிகை டாக்டர் கிளினிக் வராண்டாக்களிலும் கிடக்கிறது என்பதால் டாக்டர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ராத்திரிக் கடைசிக்கு எங்களைத் தள்ளாமல், மத்தியானம் சாப்பிடப் போகும் முன் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். மன்னார்குடியிலேயே ஒருவர் அப்படிச் செய்கிறார், ஒன்றரை மணிக்குக் கூப்பிட்டுவிடுவார். போன வாரம் அங்கே வரிசையில் எங்களோடு மூன்று பெண் ரெப்புகள் நின்றார்கள். ராத்திரி டாக்டர்கள் வாசலில் நான் ஒருவரைக்கூடப் பார்ப்பதில்லை.

இப்படிக்கு,
ஒரு மெடிக்கல் ரெப்,
கும்பகோணம்.
(பெயர் போட வேண்டாம். இன்னும் சர்வீஸ் இருக்கிறது.)