அம்மாவின் ஸ்கேனும் ஆக்சிஜனும்

அன்புள்ள சேகருக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் கட்டி பாதியாகச் சுருங்கிவிட்டது என்ற வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். மனம் நிறைந்துவிட்டது.

பெட் (PET) ஸ்கேனுக்கு முன்னால் ஏற்றிய கதிரியக்க மருந்து உடம்பிலேயே தங்கிவிடுமோ என்று அஞ்சியிருந்தாய். தங்காது. அதில் இருப்பது ஃப்ளோரின்-18 (அணுக்கருவில் உள்ள புரோட்டான், நியூட்ரான்களின் மொத்த எண்ணிக்கைதான் அந்த 18). 110 நிமிடங்களுக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்துகொண்டே போகும். சிதைந்து என்னவாகிறது தெரியுமா? ஆக்சிஜன்-18! அந்த ஃப்ளோரினைச் செய்வதே ஆக்சிஜன்-18 செறிந்த தண்ணீரில் சைக்ளோட்ரான் என்னும் துகள் முடுக்கிக் கருவி கொண்டு புரோட்டான்களைப் பாய்ச்சித்தான். புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவிடுகிறது.

விண்மீனுக்குள் ஆக்சிஜன்-18 பிறப்பதும் இதே ஃப்ளோரின் வழியாகத்தான் என்று அறிந்தபோது எனக்குச் சிலிர்த்தது.

நாம் மூச்சில் இழுக்கும் ஆக்சிஜனில் 99.76 சதவீதம் ஆக்சிஜன்-16. அதைச் செய்ய விண்மீனுக்குப் பூர்விகச் சொத்து எதுவும் வேண்டாம். மூன்று ஹீலியம் அணுக்கருக்கள் சேர்ந்தால் கார்பன்; அதோடு இன்னொரு ஹீலியம் சேர்ந்தால் ஆக்சிஜன். முதல் தலைமுறை விண்மீன்களாலேயே இது முடிந்தது. சூரியனைப் போல் இருபது மடங்கு நிறையுள்ளவை ஒரு கோடி ஆண்டு அளவிலேயே வெடித்து, அதை வாரி இறைத்தன. பெருவெடிப்புக்குப் பின் சுமார் 30 கோடி ஆண்டுகளே ஆகியிருந்த ஒரு விண்மீன் மண்டலத்தில் ஆக்சிஜன் இருப்பதை ஆல்மா தொலைநோக்கி காட்டியதாக 2025இல் செய்தி வந்ததே, அதன் பின்னணி இதுதான்.

ஆக்சிஜன்-18 அப்படியல்ல. அதற்கு நைட்ரஜன்-14 வேண்டும். முன்னோர் விட்டுச்சென்ற கார்பனும் ஆக்சிஜனும் கலந்த வாயுவில் ஒரு விண்மீன் பிறந்து, ஹைட்ரஜனை எரிக்கும்போது அவை நைட்ரஜனாகக் குவிகின்றன. பிறகு அந்த நைட்ரஜன் ஒரு ஹீலியத்தைப் பிடித்து ஃப்ளோரின்-18 ஆகிறது. அது சிதைந்து ஆக்சிஜன்-18. ஆகவே பால்வெளிக்கு வயது ஏற ஏறத்தான் இதன் பங்கு கூடியது. ஆக்சிஜன்-17உம் இப்படித் தாமதமாக வந்ததுதான். இன்று பூமியின் தண்ணீரில் ஏறத்தாழ 500 ஆக்சிஜன் அணுக்களுக்கு ஒன்று ஆக்சிஜன்-18.

அந்த ஒன்றைப் பிரித்துச் சேர்த்துத்தான் அம்மாவின் மருந்தைச் செய்தார்கள். கட்டி சர்க்கரையை விரும்பி இழுக்கும் என்பதால், ஃப்ளோரினைச் சர்க்கரையோடு இணைத்து அனுப்பினார்கள். மறுநாளைக்குள் அநேகமாக அத்தனையும் மீண்டும் ஆக்சிஜனாகியிருக்கும். அம்மாவிடம் இதைச் சொல், பயம் விலகட்டும். அடுத்த ஸ்கேன் எப்போது என்று எழுது. நானும் உடன் வருகிறேன்.

அன்புடன்,
ரகு