குத்தூசி எங்கே குத்துகிறது?

ஆசிரியருக்கு வணக்கம்.

நிலக்கடலையில் பூசண நஞ்சு இருக்கிறதா என்று சில நிமிடங்களில் காட்டும் கையடக்கக் கருவி பற்றிய கட்டுரையை இரண்டு முறை படித்தேன். சர்க்கரை பார்க்கும் மெஷின் மாதிரிதான் என்றதும் எனக்குப் புரிந்துவிட்டது. தினமும் காலையில் விரலைக் குத்திக்கொள்கிற ஆள் நான். ரத்தத்துக்குப் பதில் கடலைச் சாறு. குளுக்கோஸுக்கான நொதி இருக்கும் இடத்தில், அஃப்ளாடாக்சின் என்கிற அந்தப் பூசண நஞ்சைப் பிடித்துக்கொள்ளும் எதிர்ப்பொருள். எவ்வளவு நஞ்சு ஒட்டுகிறதோ அதற்கேற்ப மின்னோட்டம் மாறும்.

ஆனால் எந்த விரலில் குத்தினாலும் ஒரே ரத்தம்தான். மூட்டை அப்படியா? 80 கிலோ பருப்பு மூட்டையில் பூசணம் பிடித்தது ஒரு பிடிகூடத் தேறாது. அதுவே மூட்டை முழுவதையும் வரம்பு தாண்ட வைக்கும். நம் நாட்டில் வரம்பு கிலோவுக்கு 15 மைக்ரோகிராம், அதாவது ஒரு டன்னுக்கு வெறும் 15 மில்லிகிராம். மூட்டையில் குத்தி மாதிரி எடுக்கிற குத்தூசியில் அந்தப் பருப்பு வந்தால் மூட்டை கழிவு, வராவிட்டால் பாஸ். பல இடங்களில் குத்தி, கலந்து, அரைத்து, மெத்தனாலில் கலக்கி வடிகட்டினால்தான் கருவியின் சோதனைப் பட்டையில் விடும் அந்த ஒரு சொட்டுக்கு அர்த்தம். இந்த வேலையை யார் செய்வது என்று கட்டுரையில் ஒரு வரி இல்லை.

இன்னொன்று, எப்போது குத்துவது? நிலக்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். பிடுங்கி, ஆய்ந்து, காதருகே ஆட்டினால் கலகலவென்று கேட்கும்வரை காயவைத்துத்தான் நான் விற்கிறேன். போன சித்திரையில் நான் காய் போட்ட, தோல் உடைத்துப் பருப்பெடுக்கும் மில்லில் ஒரு வேலையாக நின்றேன். மெஷினில் பருப்பு இரண்டாகப் பிளக்கக் கூடாதாம். குவியல்மேல் குடம் குடமாகத் தண்ணீர் தெளித்துச் சாக்கால் மூடினார்கள். எடையும் கொஞ்சம் ஏறும், கேட்பானேன். மறுநாள் சாக்கைத் தூக்கிக் கையை விட்டுப் பார்த்தேன். உள்ளே வெதுவெதுவென்று இருந்தது. பூசணத்துக்கு வேறென்ன வேண்டும்?

அதன்பிறகு சோதித்துவிட்டு, 'விவசாயி சரியாகக் காயவைக்கவில்லை' என்பார்கள். ஆகவே கருவி முதலில் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு வரட்டும். எடை போடும்போதே, விற்கிறவன் கண்ணெதிரே சோதித்துச் சீட்டு தரட்டும். மில்லில் இன்னொரு முறை பார்க்கட்டும். எண் எங்கே ஏறியது என்று தெரிந்துபோகும்.

கட்டுரையாளரிடம் ஒரு கேள்வி. கருவி கழித்துவிட்ட மூட்டை எங்கே போகும்? குப்பைக்குப் போய் நான் பார்த்ததில்லை, செக்குக்குத்தான் போகிறது. ஆட்டும்போது நஞ்சில் பெரும்பகுதி புண்ணாக்கில் தங்கும், மாடு தின்றால் பாலிலும் இறங்கும் என்கிறார்கள். என் கறவைக்கு அந்தப் புண்ணாக்கைத்தான் வாங்கிப் போடுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு மல்லாட்டை விவசாயி,
திண்டிவனம் வட்டம்.