2024–25ஆம் ஆண்டின் செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மூத்த உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை மும்பைவாழ் தமிழர்களான நம் சங்கம் செய்த பணிகளைப் பொதுக்குழுவின் பார்வைக்கு வைக்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். ஆடிட்டர் கையெழுத்திட்ட நகல் வாசல் மேஜையில் இருக்கிறது, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம்.

வழக்கமான பணிகள் வழக்கம்போல் நடந்தன. ஜூனில் பள்ளி திறந்ததும் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் கொடுத்தோம். மழைக்காலம் முடிந்ததும் கண் பரிசோதனை முகாம். பொங்கல் விழாவை இந்த முறை மகளிர் அணியே முழுப்பொறுப்பில் எடுத்துக்கொண்டதால் பந்தி நேரத்துக்கு முடிந்தது. ஆண் உறுப்பினர்கள் இதைக் கவனித்திருப்பார்கள் என்று நம்புகிறேன். நூலகக் கூரை ஒழுகல் ஒருவழியாக அடைக்கப்பட்டது. மற்ற விவரங்கள் இணைப்பில் உள்ளன. அறிக்கையின் பெரும்பகுதியை ஒரே விஷயத்துக்கு ஒதுக்கியிருக்கிறேன். இன்று நீங்கள் கை தூக்கப்போகும் தீர்மானம் அதைப் பற்றியதுதான்.

இது தேர்தல் ஆண்டு. மே 20இல் மக்களவைக்கும் நவம்பர் 20இல் சட்டமன்றத்துக்கும் மும்பை வாக்களித்தது. நடுவில் ஜூன் 26இல் மும்பை பட்டதாரிகள் தொகுதிக்கு மேலவைத் தேர்தல். வாசகர் வட்டத்தில் வேறு பேச்சே எடுபடவில்லை. ஜோகேஸ்வரியிலிருந்து வரும் உறுப்பினர்களுக்குச் சொல்ல ஒரு கதையும் இருந்தது. மும்பை வடமேற்குத் தொகுதியில் ரவீந்திர வாய்கர் வென்றது வெறும் 48 ஓட்டு வித்தியாசத்தில். அவருக்கு 4,52,644, அமோல் கீர்த்திகருக்கு 4,52,596. இருவருமே பதிவான வாக்குகளில் பாதியைத் தொடவில்லை. நோட்டாவுக்கு விழுந்ததே 15 ஆயிரத்துக்கு மேல். அப்புறம் கேட்க வேண்டுமா? இதற்கு வேறு முறையே கிடையாதா என்று இளைய உறுப்பினர்கள் கேட்டார்கள். கேட்டதோடு நிற்கவில்லை. நம் சங்கத் தலைவரையும் விருப்ப வரிசை வாக்கு முறையில் (ஒருவருக்கு மட்டும் ஓட்டுப் போடாமல், வேட்பாளர்களுக்கு 1, 2, 3 என்று வரிசை எண் போடும் முறை) தேர்ந்தெடுக்க வேண்டும், விதியைத் திருத்துங்கள் என்று கடிதமே கொடுத்துவிட்டார்கள்.

செயற்குழு அதை உடனே ஏற்கவும் இல்லை, கிடப்பில் போடவும் இல்லை. முதலில் வாசகர் வட்டத்தில் பேசிப் பார்ப்போம் என்று முடிவானது.

இருக்கிற முறையே போதும் என்ற தரப்பை, ராஜாஜியின் சுதந்திராக் கட்சிக் காலத்து மூத்தவர் ஒருவர் எடுத்துப் பேசினார். அவருடைய வாதம் சுருக்கமானது. தேர்தல் என்பது ஊரின் கருத்தைப் படம் பிடிக்கும் வேலை அல்ல; ஆளப்போகிறவரை நியமிப்பதும், சரியில்லை என்றால் வீட்டுக்கு அனுப்புவதும்தான். யாரை அனுப்புவது என்று வாக்காளருக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும். நியூசிலாந்தில் 1996 முதல் விகிதாசாரம், அதாவது ஓட்டுச் சதவீதத்துக்கேற்ப இடங்கள் தருவது, கலந்த முறை. 2017 தேர்தலில் தேசியக் கட்சி 44 சதவீதத்துக்கு மேல் வாங்கி முதலிடத்தில் வந்தது. ஆனாலும் ஆட்சி யாருக்கு என்பதை வின்ஸ்டன் பீட்டர்ஸின் சிறிய கட்சிதான் முடிவு செய்தது, அதுவும் வாக்குப்பதிவு முடிந்த பிறகு. இதில் ஓட்டுப் போட்டவனுக்கு என்ன பிடிமானம் என்று கேட்டார்.

மரபுவாதி என்று யாரும் சொல்ல முடியாத அம்பேத்கரே, 1949 ஜனவரியில் காசி சையத் கரிமுதீன் விகிதாசார முறை கேட்டுத் திருத்தம் கொண்டுவந்தபோது மறுத்தார் என்பதையும் நினைவூட்டினார். எழுத்தறிவு குறைவான நாட்டுக்கு அந்த முறை ஒத்துவராது, சட்டசபை துண்டு துண்டாகி அரசு நிலைக்காது என்பவை அம்பேத்கர் சொன்ன காரணங்கள். முதல் காரணம் இன்று வலுவிழந்துவிட்டது, இரண்டாவது அப்படியே நிற்கிறது என்பது என் கருத்து.

மூத்தவர் சொன்னதில் கூட்டம் ஒருமித்துத் தலையாட்டியது வார்டு விஷயத்துக்குத்தான். மும்பை மாநகராட்சியில் ஒரு வார்டுக்கு ஒரு கார்ப்பரேட்டர். 2017இல் தாணேயில் ஒரு வார்டுக்கு நான்கு பேர் கொண்ட பேனல் முறையில் தேர்தல் நடந்தது. அங்கே குடியிருக்கும் நம் உறுப்பினர் ஒருவர் எழுந்து, கழிவுநீர்க் குழாய் அடைத்தால் ஒருவர் இன்னொருவரைக் கைகாட்டுகிறார், நாலாவது ஆளைப் பார்த்ததே இல்லை என்றார். இங்கே குழாய் அடைத்தால் யார் வாசலில் போய் நிற்பது என்று நமக்குத் தெரியும். அது ஒன்றும் சின்ன விஷயம் இல்லை.

மறுதரப்பைப் பேசியவர், கடிதத்தில் முதல் கையெழுத்துப் போட்ட தங்கை. அவர் முற்போக்கு வாதம் எதையும் தொடவே இல்லை. மரபை விரும்புகிறவர்களின் வரலாற்றையே எடுத்து மேஜை மேல் வைத்தார். ஆஸ்திரேலியாவில் விருப்ப வரிசை முறையைக் கொண்டுவந்தது இடதுசாரிகள் அல்ல, பிரதமர் பில்லி ஹியூஸின் வலதுசாரி அரசு. 1918 ஸ்வான் இடைத்தேர்தலில் தேசியவாதிகளும் விவசாயிகள் தரப்பும் தனித்தனியாக நின்று ஓட்டைப் பிரித்துக்கொள்ள, தொழிற்கட்சி மூன்றில் ஒரு பங்கை ஒட்டிய ஓட்டில் ஜெயித்தது. அந்த ஆண்டே சட்டம் மாறியது. பிரிட்டனில் 2011 மே 5 பொது வாக்கெடுப்பில் இதே முறை வேண்டாம் என்று அன்றைய பிரதமர் டேவிட் கேமரூன் பிரசாரம் செய்தார், 67.9 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். ஆனால் 2005இல், கடைசியில் வந்தவரைச் சுற்றுக்குச் சுற்று நீக்கி நடந்த கன்சர்வேடிவ் கட்சித் தலைவர் தேர்தலின் முதல் சுற்றில் டேவிட் டேவிஸுக்கு 62, கேமரூனுக்கு 56. முதலில் வந்தவரே ஜெயித்தவர் என்று அந்தக் கட்சி அன்று வைத்திருந்தால் கேமரூன் தலைவராகியே இருக்க மாட்டார். அமெரிக்காவில் குடியரசுக் கட்சி ஆளும் புளோரிடா, டென்னசி இரண்டும் 2022இல் இந்த முறைக்குத் தடை போட்டன. அதற்கு முந்தைய ஆண்டு வர்ஜீனியாவில் அதே குடியரசுக் கட்சி, கிளென் யங்கினை ஆளுநர் வேட்பாளராக்கியது இந்த முறையில்தான்.

மூத்தவர் சிரித்துவிட்டார். “அம்மா, என் துப்பாக்கியையே என் பக்கம் திருப்பிட்டே” என்றார்.

2024 ஜூலையில் பிரிட்டனில் தொழிற்கட்சி 33.7 சதவீத ஓட்டில் 650இல் 400க்கு மேல் பிடித்ததைப் பலர் ஆச்சரியமாகப் பேசினார்கள். கன்சர்வேடிவ் ஓட்டை ரிஃபார்ம் கட்சி பிரித்தது. அந்த ரிஃபார்முக்கு 14.3 சதவீதம் விழுந்தும் கிடைத்தவை 5 இடங்கள். நமக்கு இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? 2014 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டில் அ.தி.மு.க. 44 சதவீதத்தில் 39க்கு 37 வாங்கியது. தி.மு.க. 23 சதவீதத்துக்கு மேல் வாங்கியும் ஓர் இடம்கூட இல்லை. ஊர்ப்பாசம் வேறு, கணக்கு வேறு. அந்தக் கணக்கைச் சொன்னதும் கூட்டத்தில் கொஞ்சம் குரல் உயர்ந்தது. நேரம் கருதி அடுத்த பேச்சாளரை அழைத்தேன்.

விருப்ப வரிசை நமக்குப் புதிதல்ல என்பதையும் சொல்ல வேண்டும். குடியரசுத் தலைவர் தேர்தல் அப்படித்தான் நடக்கிறது. 1969இல் ராஜாஜியின் சுதந்திராவும் ஜனசங்கமும் சி.டி. தேஷ்முக்கை நிறுத்தின. வி.வி. கிரி 4,01,515, சஞ்சீவ ரெட்டி 3,13,548, தேஷ்முக் 1,12,769. யாருக்கும் பாதி இல்லை. இரண்டாம் விருப்பங்களை எண்ணிய பிறகு கிரி 4,20,077, ரெட்டி 4,05,427. எவ்வளவு நெருங்கி வந்தது பாருங்கள். பட்டதாரிகள் தொகுதியில் வாக்களித்த நம் உறுப்பினர்களும் காகிதச் சீட்டில் ஊதா ஸ்கெட்ச் பேனாவால் 1, 2, 3 என்று எழுதிவிட்டுத்தான் வந்தார்கள். தமிழ்நாட்டில் ஊரிலிருக்கும் நம் உறவினர்களுக்கு அந்த வாய்ப்பில்லை. 1986இல் அங்கே மேலவையே போய்விட்டது.

பேசியது போதும், செய்து பார்ப்போம் என்று ஆண்டுச் சுற்றுலாவை இந்த முறையில் தீர்மானித்தோம். லோனாவ்லா, அலிபாக், வஜ்ரேஸ்வரி என்று மூன்று இடங்கள். கேரம் பலகையைக் கவிழ்த்து வைத்து அதன் மேல் சீட்டுகளை மூன்று அடுக்காகப் பிரித்தோம். எண் போடாமல் டிக் அடித்த சீட்டுகள் முதலிலேயே கழிந்தன, அதிலேயே சண்டை. செல்லுபடியானவை 68. லோனாவ்லா 29, அலிபாக் 24, வஜ்ரேஸ்வரி 15. கடைசியில் வந்த வஜ்ரேஸ்வரியை நீக்கி, அந்த 15இன் இரண்டாம் விருப்பத்தைப் பார்த்தோம். 11 அலிபாக்குக்கு, 2 லோனாவ்லாவுக்கு. மீதி 2 சீட்டில் ‘1’ மட்டும்தான். வெந்நீர் ஊற்றில் குளிக்காத சுற்றுலா எங்களுக்கு வேண்டாம் என்ற கட்சி. ஆக அலிபாக் 35, லோனாவ்லா 31.

“முதல்ல வந்தவன் தோக்கான், மூணாவது வந்தவன் தீர்ப்புச் சொல்லுதான், இது என்ன கணக்கு தம்பி?” என்று லோனாவ்லா அண்ணாச்சி ஒருவர் எழுந்துவிட்டார். 1931இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் சர்ச்சில் எழுப்பிய ஆட்சேபமும் இதுவேதான்: கடைசியில் வந்தவருக்கு விழுந்த ஓட்டு வெற்றியை முடிவு செய்வதா? அண்ணாச்சியிடம் இதைச் சொன்னபோது, “பெரிய மனுஷன் சரியாத்தான் சொல்லியிருக்காரு” என்று கொஞ்சம் சமாதானமானார். ஆனால் பாதிக்கு மேற்பட்டவர்கள் லோனாவ்லாவைவிட அலிபாக்கை விரும்பினார்கள் என்பதும் அதே சீட்டுகளில்தான் இருந்தது. மாண்ட்வா படகில் குமட்டியவர்கள் மட்டும் இன்றும் எண்ணிக்கையைக் குறை சொல்கிறார்கள்.

என் கருத்தை மறைக்க விரும்பவில்லை. நான் இருக்கிறதைச் சட்டென்று கலைக்கக் கூடாது என்ற பக்கம். மக்களவைக்கும் சட்டமன்றத்துக்கும் விகிதாசாரம் கேட்பவர்களோடு நான் இல்லை. என் தொகுதிக்கு ஒரு முகம் வேண்டும். எத்தனை பேர் நின்றாலும் வரிசை போடலாம் என்பவர்களுக்கு மொடக்குறிச்சியை நினைவூட்டுகிறேன். 1996 சட்டமன்றத் தேர்தலில் அங்கே 1,033 வேட்பாளர்கள்; ஓட்டுச்சீட்டே புத்தகமாக அச்சானது. ஆனால் ஒரே ஒரு பதவி, மூன்று நான்கு பேர் போட்டி, எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும் என்ற இடத்தில் விருப்ப வரிசை மரபைக் கெடுக்காது. வேண்டாதவர் ஓட்டுப் பிரிவினையால் தலையில் வந்து உட்காருவதைத் தடுக்கும்.

லாபக் கணக்குப் போட்டு விதியை மாற்றக் கூடாது என்பதில் மட்டும் நான் கறார். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் லிபரல், கன்சர்வேடிவ் கட்சிகள் சோஷலிசக் கட்சியைத் தடுக்க இந்த முறையைக் கொண்டுவந்தன. 1952 தேர்தலில் ஆட்சியைப் பிடித்தது யாரும் எதிர்பாராத சோஷியல் கிரெடிட் கட்சி. விதியை மாற்றிய இரு கட்சிகளும் ஒற்றை இலக்கத்துக்குச் சுருங்கின. அடுத்த ஆண்டுத் தேர்தலுக்குப் பிறகு முறையே கைவிடப்பட்டது.

ஆகவே செயற்குழுவின் தீர்மானம் இப்படி அமைந்திருக்கிறது. தலைவர் பதவிக்கு மட்டும், அதுவும் மூன்று பேரோ அதற்கு மேலோ போட்டியிட்டால் மட்டும் விருப்ப வரிசை. துணைத்தலைவர், செயலாளர், பொருளாளர், செயற்குழு உறுப்பினர் எல்லாம் பழைய முறையிலேயே. இந்தத் திருத்தம் ஒரே ஒரு தேர்தலுக்குச் செல்லும். பொதுக்குழு மறுபடியும் விரும்பிப் புதுப்பித்தால் நீடிக்கும், இல்லாவிட்டால் தானாக விழுந்துவிடும். நிறைவேற மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு தேவை. நிறைவேறினாலும் விதித் திருத்தத்தைப் பதிவு செய்யும் சேரிட்டி கமிஷனர் அலுவலக வேலை முடியும்வரை பழைய விதிதான் செல்லும். சுதந்திராக் காலத்து மூத்தவரும் தங்கையும் இந்த வாசகத்துக்குச் சேர்ந்தே கையெழுத்திட்டிருக்கிறார்கள். அண்ணாச்சி எதிர்த்து வாக்களிப்பேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். அவர் கேட்டபடி அது நடவடிக்கைக் குறிப்பில் சேர்க்கப்பட்டுள்ளது.

என் பதவிக்காலம் இத்துடன் முடிகிறது. வரும் தேர்தலில் நான் எந்தப் பதவிக்கும் நிற்கவில்லை. என் சிபாரிசில் சொந்த லாபம் தேடுகிறவர்கள் ஏமாந்து போவார்கள். ஒத்துழைத்த தலைவர், பொருளாளர், மகளிர் அணியினர், ஞாயிறுதோறும் நாற்காலி போட்ட தம்பிமார் அனைவருக்கும் நன்றி. இவ்வறிக்கையை ஏற்று, திருத்தத் தீர்மானத்தை வாக்கெடுப்புக்கு எடுத்துக்கொள்ளுமாறு தலைவரைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்
மும்பை