தாசில்தாருக்காக வந்தவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம்.

எங்கள் வீட்டு நாய் தாசில்தார் இறந்து சில வாரங்கள் ஆகிவிட்டன. அந்த நாட்களில் கூட இருந்தவர்களை எங்கே பார்த்தாலும் நன்றி சொல்லத்தான் வாயெடுக்கிறேன். "அட, இதுக்குப் போயா" என்று பேச்சை மாற்றிவிடுகிறீர்கள். அதனால் எழுதியே விடுகிறேன். யார் பெயரையும் போடவில்லை. போட்டால் என்னைத் திட்டக்கூடியவர்கள் இதில் இரண்டு மூன்று பேர் உண்டு.

அவனைத் தெரியாதவர்களுக்கு: எங்கள் அப்பா தாலுகா ஆபீஸில் கிளார்க்காகச் சேர்ந்து, தாசில்தார் நாற்காலிக்குக் கொஞ்சம் முன்னாலேயே ரிட்டயர் ஆனவர். ஓய்வு பெற்ற கையோடு கோவில்பட்டிப் பக்கம் போய் கன்னி என்ற நாட்டு இனத்தில் ஒரு நாய்க்குட்டியை வாங்கி வந்தார். கருப்பு உடம்பு, ஒட்டிய வயிறு, கண்ணுக்கு மேலே இரண்டு செம்பொட்டு. "எனக்குக் கிடைக்காத பதவியை இவருக்குக் கொடுத்தாச்சு" என்று சொல்லி அந்தப் பெயரை வைத்தார். கடைசி வரைக்கும் அப்பா அவனை ஒருமையில் கூப்பிட்டதில்லை. "தாசில்தாரே, இங்கன வாரும்" என்பார். அவரும் வருவார். அப்பா போன பிறகு அம்மா கட்டிலுக்குக் கீழே படுக்க ஆரம்பித்தவன், அந்த இடத்தை விட்டு மாறவே இல்லை.

ஒரு மனுஷன் இறந்தால் என்ன செய்ய வேண்டும் என்று ஊருக்கே தெரியும். யார் பந்தலுக்குச் சொல்வது, யார் வீட்டிலிருந்து சாப்பாடு வருவது, பதினாறாம் நாள் என்ன செய்வது, எல்லாவற்றுக்கும் ஒரு முறை இருக்கிறது. துக்கப்படுகிறவர் யோசிக்கவே வேண்டாம், ஊர் பார்த்துக்கொள்ளும். நாய் செத்தால் அப்படி எதுவும் கிடையாது. லீவு லெட்டரில் எழுதக் காரணம் கிடையாது. யாருக்குச் சொல்லி அனுப்புவது, யாருக்குச் சொன்னால் சிரிப்பார்கள் என்பதுகூடத் தெரியாது. அந்த இடத்தில் நீங்கள் ஆளாளுக்கு உங்களுக்குத் தோன்றியதைச் செய்தீர்கள். அதைத்தான் இங்கே சொல்ல வந்தேன்.

முதலில் டாக்டருக்கு. தாசில் வாளி வாளியாகத் தண்ணீர் குடித்துவிட்டு, ராத்திரியில் அம்மாவை எழுப்பி எழுப்பி வெளியே போனபோது அவரிடம்தான் கொண்டுபோனோம். ரத்தப் பரிசோதனையில், சிறுநீரில் வெளியேற வேண்டிய கிரியேட்டினின் என்ற கழிவு ஏறியிருந்தது. சிறுநீரகம். அம்மா உடனே, "நான் போட்ட சாப்பாடுதான் காரணமோ டாக்டர்?" என்று கேட்டார்கள். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "அம்மா, கிட்னி முக்கால் பங்கு வேலையை நிறுத்தின பிறகுதான் இந்த டெஸ்ட்லயே தெரியும். அதுவரை நாய் ஓடும், சாப்பிடும், வாலாட்டும். இந்த வயசு நாய்க்கு இது வர்றதுதான். நீங்க போட்ட சோத்துல ஒண்ணும் இல்ல." அதற்குப் பிறகு அம்மா அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. மருந்துச் சீட்டை விட எங்களுக்குத் தேவையாக இருந்தது அந்தப் பதில்தான்.

பக்கத்து வீட்டு அக்காவுக்கு எப்படி நன்றி சொல்வது? ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் நைட் டூட்டி முடித்து, கையில் டிபன் பையோடு நேராக எங்கள் வீட்டுக்குள் வருவார்கள். தோலுக்கு அடியில் சலைன் ஏற்ற வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். திரைச்சீலை மாட்டும் கம்பியில் பாட்டிலைத் தொங்கவிட்டு, தோள்பட்டைக்கு நடுவே தோலை ரெண்டு விரலால் தூக்கிப் பிடித்து, ஊசியைச் சாய்த்துச் செருகுவார்கள். முதல் தடவை என் கை நடுங்கியதைப் பார்த்து, "மனுஷனுக்கு நரம்பு தேடணும் தம்பி. இதுக்கு அந்த வேலையே இல்ல, பேசாம பிடிங்க" என்றார்கள். தண்ணீர் ஏற ஏற முதுகில் ஒட்டகத் திமில் மாதிரி வீங்கும். சாயங்காலத்துக்குள் அது வழிந்து முன்னங்காலுக்கு இறங்கி, அப்புறம் காணாமல் போய்விடும். அதைப் பார்க்கவே என் மகன் பள்ளிக்கூடம் விட்டு ஓடி வருவான். அக்கா, உங்கள் தூக்கத்தில் எவ்வளவு எங்களுக்குப் போயிற்று என்று எனக்குத் தெரியும்.

அப்புறம் புரூனோ. இரண்டு தெரு தள்ளி இருக்கும் லேப்ரடார். அவன் வீட்டுக்காரர்களோடு அதுவரை எங்களுக்கு வணக்கம் சொல்லும் பழக்கம்கூட இல்லை. உண்மையைச் சொன்னால் தாசிலுக்கு அவனைக் கண்டாலே ஆகாது. ரத்தம் ஊறச் சொல்லும் ஹார்மோன் சிறுநீரகத்தில்தான் சுரக்கிறதாம். சிறுநீரகம் போனால் ரத்தமும் குறைந்துகொண்டே போகும். தாசிலின் ஈறு வெளுத்துச் சுண்ணாம்பு நிறத்துக்கு வந்தபோது, ரத்தம் ஏற்றினால் கொஞ்ச நாள் தெம்பாக இருப்பான் என்றார்கள். ரத்தம் கொடுக்கும் நாய்க்கு 25 கிலோவுக்கு மேல் எடை வேண்டும், எட்டு வயதுக்குள் இருக்க வேண்டும், தடுப்பூசி எல்லாம் போட்டிருக்க வேண்டும், உண்ணிக் காய்ச்சல் இருக்கக் கூடாது. இத்தனையும் சரியாக உள்ள நாயை எங்கே போய்த் தேடுவது? பால்காரர்தான், "அந்த மஞ்ச நாய் வீட்டுல கேளுங்க" என்று சொன்னார். கேட்கக் கூச்சமாக இருந்தது. நான் வாசலில் நின்று பாதி சொல்வதற்குள் அந்த அண்ணாச்சி உள்ளே திரும்பி, "ஏட்டி, புரூனோ பெல்ட்ட எடு" என்றார்.

சங்கரன்கோவில் ரோட்டில் ராமையன்பட்டியில் இருக்கும் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு அவர் காரிலேயே இரண்டு நாய்களையும் ஏற்றிக்கொண்டு போனோம். முன் சீட்டில் புரூனோ, பின் சீட்டில் என் மடியில் தாசில். உறுமக்கூடத் தெம்பில்லை அவனுக்கு. அங்கே புரூனோவின் கழுத்தில் கொஞ்சம் முடியைச் சிரைத்து, பக்கவாட்டில் படுக்க வைத்து, கழுத்து நரம்பிலிருந்து ரத்தம் எடுத்தார்கள். அண்ணாச்சி அவன் காதைத் தடவிக்கொண்டே, "நல்ல பையன்லா, அசையாதலே" என்று சொல்லிக்கொண்டிருந்தார். இவ்வளவு பெரிய நாய் வாலை மட்டும் லேசாகத் தட்டிக்கொண்டு கிடந்தது. நாய்களுக்கும் ரத்த வகை உண்டு, ஆனால் முதல் தடவை ஏற்றும்போது பெரும்பாலும் பெரிய சிக்கல் வராது என்று அங்கே படிக்கும் ஒரு பெண் எங்களுக்குப் புரியும்படி சொன்னாள். இருந்தாலும் இரண்டு ரத்தத்தையும் சேர்த்துப் பரிசோதித்த பிறகுதான் ஏற்றினார்கள். ஏற்றி முடியும்வரை அந்தப் பெண் பக்கத்திலேயே உட்கார்ந்து தாசிலின் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தாள். மதியச் சாப்பாட்டுக்கும் எழுந்து போகவில்லை. நல்ல டாக்டராக வருவாய் தாயி.

அந்த ரத்தம் நோயைத் தீர்க்கவில்லை. தீர்க்காது என்று முதலிலேயே சொல்லித்தான் ஏற்றினார்கள். ஆனால் அதற்குப் பிறகு அவன் தானாக எழுந்து வாசலுக்குப் போனான். கேட் இடுக்கில் மூக்கை நீட்டி இஸ்திரி வண்டிக்காரரைப் பார்த்துக் குரைத்தான். அவர் வண்டியை நிறுத்திவிட்டு, "தாசில்தார் டூட்டிக்கு வந்துட்டாரு" என்று தெருவுக்கே கேட்கும்படி சத்தம் போட்டார். மகனின் பிறந்தநாளுக்கும் அவன் இருந்தான். அண்ணாச்சி, அந்த நாட்கள் புரூனோ கொடுத்தவை.

கறிக்கடை பாய்க்கும் ஒரு நன்றி. வருஷக்கணக்காக அவனுக்கென்று எலும்பு எடுத்து வைத்தவர். எலும்பு இனிமேல் கூடாது, அதில் பாஸ்பரஸ் அதிகம், சோறும் முட்டை வெள்ளைக்கருவும் கொடுங்கள் என்று டாக்டர் சொன்னதைச் சொன்னேன். மறுநாளிலிருந்து பொட்டலத்துக்குப் பதில் முட்டை வந்தது. காசு கொடுத்தால், "அது அவன் கணக்கு" என்று கையைத் தட்டிவிட்டார்.

கடைசி நாளைப் பற்றி நிறைய எழுதப் போவதில்லை. அவன் வெள்ளைக்கருவையும் மறுத்து, வாயெல்லாம் புண்ணாகிப் படுத்தபோது, டாக்டர் சுற்றி வளைக்காமல் பேசினார். ஊசி போட்டு அனுப்பிவிடலாமா என்று கேட்க எங்களுக்கு நாக்கு வரவில்லை. அவரே எடுத்துச் சொன்னார், முடிவை எங்களிடமே விட்டார். கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு வர வேண்டாம் என்று ராத்திரி கிளினிக் மூடிய பிறகு வீட்டுக்கு வந்தார். ஆரம்பிக்கும் முன்னால் எல்லோரையும் உட்கார வைத்து நடக்கப் போவதை வரிசையாகச் சொன்னார். முதலில் தூங்க ஒரு ஊசி. அவன் நன்றாகத் தூங்கிய பிறகுதான் அடுத்தது. கண் மூடாது, திறந்தபடியே இருக்கும். எல்லாம் முடிந்த பிறகும் ஒரு மூச்சு இழுக்கிற மாதிரி வரலாம், அது உடம்பு செய்வது, அவனுக்கு ஒன்றும் தெரியாது. அவர் சொன்னபடியே நடந்தது. அந்த மூச்சு வந்தபோது அம்மா பதறவில்லை என்றால் அதற்கு அவர்தான் காரணம். பையை மூடிவிட்டு உடனே கிளம்பாமல் அம்மா கொடுத்த காபியைக் குடித்துவிட்டுத்தான் போனார். அந்த ராத்திரியில் அவருக்குக் காபி தேவைப்பட்டிருக்காது.

எங்கள் வீட்டைச் சுற்றிச் சிமெண்ட் தளம்தான், ஒரு முழம் மண் கிடையாது. முன்னீர்பள்ளம் சித்தப்பா கேட்காமலே, "தோப்புக்குக் கொண்டாடா" என்றார். கிணற்றை விட்டுத் தள்ளி ஒரு தென்னைக்கும் வேலிக்கும் நடுவே இடம் காட்டினார். ஆழமாகத் தோண்டச் சொல்லியிருந்தார் டாக்டர். அந்த ஊசி மருந்து உடம்பில் இருக்கும், வேறு நாயோ நரியோ கிளறித் தின்றால் அதற்கும் ஆபத்தாம். தோண்ட வந்த பெரியவர் இடுப்பளவு போதும் என்று யாரும் சொல்ல விடவில்லை, நெஞ்சளவுக்கு இறங்கினார். அடியில் கல்லுப்பு, மேலே வேப்பிலை. கூலியை நீட்டியபோது, "வாயில்லா ஜீவனுக்குக் குழி வெட்டிட்டு ரூவா வாங்குனா விளங்குமா?" என்று மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். ஒரு டீ குடிக்கக்கூட நிற்கவில்லை. ஐயா, நீங்கள் இதைப் படிக்கப் போவதில்லை. சித்தப்பா வாசித்துக் காட்டுவார்.

மறுநாள் காலை கோடி வீட்டு ஆச்சி வந்தார்கள். செருப்பை வெளியே விட்டுவிட்டு, பேசாமல் உள்ளே வந்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள். எத்தனை வயசு, என்ன சாப்பிடுவான், கடைசியாக எப்போது எழுந்து நின்றான் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். அம்மா அழுது முடித்தபோது ஆச்சி எழுந்து சேலையைத் தட்டிவிட்டு வாசலைத் தாண்டி நடந்தார்கள். "போயிட்டு வாரேன்" என்று சொல்லவில்லை. துக்க வீட்டில் அதைச் சொல்லக் கூடாது அல்லவா? எனக்கு அது சட்டென்று புரியவில்லை. அம்மாவுக்குப் புரிந்தது. "பாத்தியா, அவ சொல்லிக்காமப் போறா" என்றார்கள். அன்றைக்குத்தான் அம்மா சாப்பிட்டார்கள். பக்கத்து வீட்டு அக்கா தூக்குச்சட்டியில் கொடுத்துவிட்ட ரசமும் சுட்ட அப்பளமும்.

எல்லோரும் இப்படி இருந்துவிடவில்லை. "நாய்க்கா லீவு?" என்று சிரித்தவர் உண்டு. "அதே கலர்ல ஒரு குட்டி வாங்கிரலாம்" என்று அன்றே போன் போட்டவர்களும் உண்டு. அவர்கள் மேல் கோபம் இல்லை என்று எழுதத்தான் நினைத்தேன். கொஞ்சம் இருக்கிறது, போகட்டும்.

என் மகன் அழவில்லை. அதுதான் எங்களுக்குப் பயமாக இருந்தது. ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் எங்கள் தெருவில் இருக்கிறார். அவர் அவனைத் திண்ணைக்குக் கூப்பிட்டு ஒரு கல்லின் கதையைச் சொன்னார். திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்று ஓர் ஊர். அங்கே மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. அதாவது 7-ஆம் நூற்றாண்டு. கள்வர்களோடு சண்டையிட்டு இறந்த வீரனுக்கு எடுத்த கல். அதில் அவனுக்குப் பக்கத்தில் அவன் நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். நாயின் பெயர் கோவிவன் என்றும், கள்ளனைக் கடித்துக் காவல் நின்றது என்றும் வட்டெழுத்தில் வெட்டி வைத்திருக்கிறார்கள். மகன் கேட்ட முதல் கேள்வி: "தாசில் யாரையும் கடிச்சதில்லையே தாத்தா?" சார் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "உங்க ஆச்சிக்குக் காவல் இருந்தாம்லா?" என்றார், என் அம்மாவைச் சொல்லி. அதற்குத்தான் அவன் அழுதான். பிறகு அவர்கள் இருவரும் சேர்ந்து ஒரு கடப்பாக் கல் துண்டில் வெள்ளை பெயிண்டால் எழுதினார்கள். அது இப்போது தோப்பில் இருக்கிறது. 'தாசில்தார்' என்பதில் ஒரு எழுத்து சரிந்திருக்கிறது, சார் அதைத் திருத்த விடவில்லை.

மிச்சமிருந்த சலைன் பாட்டில்களையும் மாத்திரைகளையும் ராமையன்பட்டியிலேயே கொடுத்துவிட்டேன். வேறு யார் வீட்டு நாய்க்காவது ஆகும். அக்கா, உங்கள் தூக்குச்சட்டி இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. வெறும் பாத்திரமாகத் திருப்பிக் கொடுக்க மாட்டேன் என்று அம்மா ஏதோ செய்யப்போகிறார்கள். புரூனோ அண்ணாச்சி, செப்டம்பர் 28 உலக வெறிநோய் தினத்துக்கு அரசு கால்நடை மருத்துவமனையில் இலவசமாகத் தடுப்பூசி போடுவார்கள் என்று போன வாரம் சொன்னீர்கள். இந்தத் தடவை வண்டி என்னுடையது. காலை எட்டு மணிக்கு வாசலில் நிற்பேன். கூட்டம் சேருவதற்குள் டோக்கன் வாங்கிவிடலாம்.

இப்படிக்கு,
தாசில்தார் வீட்டுக்காரர்கள்,
பாளையங்கோட்டை.