புதுக்கோட்டை நாடாளுமன்றத் தொகுதியை மீட்டுத் தரப் பரிந்துரைக்கக் கோரி மனு

அனுப்புநர்:
ஆலங்குடிப் பக்கத்துத் தென்னை விவசாயி, வாக்காளர்

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் மற்றும் மாவட்டத் தேர்தல் அலுவலர் அவர்கள்,
புதுக்கோட்டை

பொருள்: 2008-ல் நீக்கப்பட்ட புதுக்கோட்டை நாடாளுமன்றத் தொகுதி – அதன் வரலாற்றை ஆவணப்படுத்தவும், அடுத்த மறுவரையறையில் மாவட்டத்தின் ஆறு சட்டமன்றத் தொகுதிகளையும் ஒரே தொகுதியாக்கப் பரிந்துரைக்கவும் கோருதல்.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். பட்டா மாறவில்லை, முதியோர் பணம் வரவில்லை என்று திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்கு வருகிற மனுக்களுக்கு நடுவே இதைப் பார்த்தால் உங்கள் அலுவலர்களுக்கே சிரிப்பு வரலாம். தொகுதியைத் திருப்பிக் கொடுக்கிற அதிகாரம் உங்களிடம் இல்லை என்பது எனக்கும் தெரியும். ஆனால் எங்கள் தரப்பை எழுதி மேலே அனுப்ப இந்த மாவட்டத்தில் உங்களை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள் என்று யோசித்துப் பார்த்தேன், யாரும் தோன்றவில்லை, அதனால் உங்களிடமே வருகிறேன்.

முதலில் ஒரு சம்பவம். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் எங்கள் பக்கம் புரட்டிப் போட்டதில் என் தோப்பில் நின்ற மரங்களை விட விழுந்தவைதான் அதிகம். ஒரு வாரம் கழித்து, கரண்ட் இல்லாத ராத்திரியில், ஊர்ப் பொதுவில் ஒரு மனு எழுத உட்கார்ந்தோம். எங்களில் நன்றாக எழுதக்கூடிய பெரியவர் ஒருவர் 'பெறுநர்: மாண்புமிகு புதுக்கோட்டை நாடாளுமன்ற உறுப்பினர் அவர்கள்' என்று தொடங்கிவிட்டார். அப்படி ஒருவர் இல்லாமல் போய் பத்து வருடம் ஆகிவிட்டது என்று ஒரு பையன் சொன்னதும் பேனாவை வைத்துவிட்டு, 'அப்ப நமக்கு யாருடா?' என்று கேட்டார். சிவகங்கை என்றான் ஒருவன். என் மனைவி ஊர் அறந்தாங்கி, அவர்களுக்கு ராமநாதபுரம். மகளைக் கொடுத்திருப்பது விராலிமலையில், அவர்களுக்குக் கரூர். மகன் வேலை பார்ப்பது புதுக்கோட்டை டவுனில், அவனுக்குத் திருச்சி. புயல் ஒன்று, மாவட்டம் ஒன்று, என் குடும்பத்துக்குள்ளேயே எம்.பி. நாலு பேர். அன்றைக்கு அந்த மனுவைக் கடைசியில் யாருக்கு அனுப்பினோம் என்பதுகூட இப்போது எனக்கு நினைவில்லை.

சரி, இந்தத் தொகுதி என்னவாக இருந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். புதுக்கோட்டை தனி சமஸ்தானம், தனக்கென்று அம்மன் காசு அடித்துப் புழங்கிய ஊர். 1948 மார்ச்சில் இந்தியாவோடு சேர்ந்தது, திருச்சி மாவட்டத்தில் இணைத்தார்கள். நீங்கள் இன்று உட்கார்ந்து எங்கள் மனுக்களை வாங்குகிற கட்டடமே தொண்டைமான் அரசரின் அரண்மனைதான். சமஸ்தானம் போன பிறகு புதுக்கோட்டை என்ற பெயர் மாவட்டமாகத் திரும்பி வர 1974 ஜனவரி 14 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இடைப்பட்ட அந்தக் கால் நூற்றாண்டில், மாவட்டமும் இல்லாமல் ராஜாங்கமும் இல்லாமல் இருந்த ஊருக்கு டெல்லியில் பெயர் சொல்லிக்கொண்டிருந்தது இந்த நாடாளுமன்றத் தொகுதிதான். அதனால்தான் இது எங்களுக்கு வெறும் தேர்தல் எல்லைக்கோடு இல்லை.

நாட்டின் முதல் பொதுத்தேர்தலிலேயே தொகுதி இருந்தது. அப்போது ஜெயித்தவர் கிசான் மஸ்தூர் பிரஜா கட்சியின் வல்லத்தரசு, நேரு அலை அடித்த காலத்தில் காங்கிரஸ் இல்லாத ஒருவரை அனுப்பிய ஊர் இது. 1957-ல் காங்கிரஸின் ராமநாதன் செட்டியார். 1962-ல் கம்யூனிஸ்ட் கட்சியின் உமாநாத், கட்சி உடைந்த பிறகு 1967-ல் அதே உமாநாத் மார்க்சிஸ்ட் கட்சி சார்பில். ஆலை அதிகம் இல்லாத, மழையையும் கண்மாயையும் நம்பி விவசாயம் பார்க்கிற தொகுதி ஒரு தொழிற்சங்கத் தலைவரை இரண்டு முறை அனுப்பியது என்று சொன்னால் இன்றைய பிள்ளைகள் நம்புவதில்லை. 1971-ல் தி.மு.க.வின் வீரையா, 1977-ல் அ.தி.மு.க.வின் இளஞ்செழியன், 1980-ல் காங்கிரஸின் சுவாமிநாதன், அப்புறம் 1984, 1989, 1991 என்று தொடர்ந்து மூன்று முறை காங்கிரஸின் சுந்தரராஜ். என் முதல் ஓட்டு 1989-ல், பதினெட்டு வயதுக்காரர்களுக்கு ஓட்டு வந்த முதல் பொதுத்தேர்தலில். யாருக்குப் போட்டேன் என்பது இங்கே வேண்டாம்.

அதற்குப் பின் ஓட்டம் வேகமெடுத்தது. 1996-ல் திருச்சி சிவா, 1998-ல் ராஜா பரமசிவம், 1999-ல் திருநாவுக்கரசர், 2004-ல் ரகுபதி. எட்டு வருடத்தில் நாலு தேர்தல், நாலு முகம். மொத்தமாக 14 பொதுத்தேர்தல், பிரிந்த கட்சிகளையும் தனித்தனியாக எண்ணினால் ஏழு கட்சிகள். எந்தக் கட்சிக்கும் நிரந்தரக் கோட்டையாக இல்லாத தொகுதி என்பதால், யாரோ ஒரு கட்சிக்காக இந்த மனு என்று தயவுசெய்து நினைக்க வேண்டாம். 2004-ல் ஜெயித்தவர் மத்திய இணை அமைச்சராகவும் இருந்தார். அந்தப் பதவிக் காலத்தில்தான் தொகுதியே காணாமல் போனது.

போனது எப்படி என்பதுதான் இந்த மனுவின் முக்கியமான இடம், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். 2002-ஆம் ஆண்டின் தொகுதி மறுவரையறைச் சட்டப்படி, நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான ஆணையம் 2001 மக்கள்தொகைக் கணக்கை வைத்து எல்லைகளை மாற்றி வரைந்தது. 2008-ல் அது நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாட்டில் அப்போது பல தொகுதிகள் போயின, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நாகர்கோவில் போன இடத்தில் கன்னியாகுமரி வந்தது. பெரியகுளம் போய் தேனி வந்தது. சிவகாசி போய் விருதுநகர், திருச்செந்தூர் போய் தூத்துக்குடி. அங்கெல்லாம் மாவட்டத்தின் பெயரிலேயே தொகுதி கிடைத்தது. எங்கள் தொகுதி ஏற்கெனவே மாவட்டத்தின் பெயரில்தான் இருந்தது. அது போய் என்ன வந்தது?

கணக்கைப் பாருங்கள். தமிழ்நாட்டில் 234 சட்டமன்றத் தொகுதி, 39 நாடாளுமன்றத் தொகுதி, ஒன்றுக்கு ஆறு. புதுக்கோட்டை மாவட்டத்தில் கந்தர்வகோட்டை, விராலிமலை, புதுக்கோட்டை, திருமயம், ஆலங்குடி, அறந்தாங்கி என்று சட்டமன்றத் தொகுதிகள் சரியாக ஆறு. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தும் ஏன் கிழித்தார்கள் என்று பலநாள் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டு, ஒருநாள் பக்கத்து மாவட்டங்களையும் சேர்த்து ஒரு தாளில் எழுதிப் பார்த்தபோதுதான் விளங்கியது. சிவகங்கை மாவட்டத்தில் சட்டமன்றத் தொகுதி நாலுதான், ஆறாக்க இரண்டு குறைந்தது, திருமயமும் ஆலங்குடியும் போயின. ராமநாதபுரத்திலும் நாலு, அங்கே அறந்தாங்கி போனது, விருதுநகர் மாவட்டத்திலிருந்து திருச்சுழியும் போனது. பெரம்பலூர் தொகுதியை நிரப்ப திருச்சி மாவட்டத்தின் வடபக்கம் நாலு தொகுதியைக் கொடுத்தார்கள், கரூர் மாவட்டத்திலிருந்து குளித்தலையைக் கொடுத்தார்கள். அதனால் திருச்சிக்குக் குறைந்ததை நிரப்ப எங்கள் புதுக்கோட்டையும் கந்தர்வகோட்டையும், கரூருக்குக் குறைந்ததை நிரப்ப விராலிமலை. அக்கம்பக்கத்து வீட்டுச் சுவரில் ஓட்டை விழுந்த இடத்திலெல்லாம் எங்கள் வீட்டுச் செங்கல்லைப் பெயர்த்து வைத்திருக்கிறார்கள். பெரம்பலூர் மீது எனக்குப் பொறாமை இல்லை. ஆனால் 2011 கணக்குப்படி ஐந்தரை லட்சத்துக்குச் சற்று அதிகமான மக்கள் உள்ள மாவட்டத்தின் பெயரில் தொகுதி இருக்கும்போது, 16 லட்சம் பேர், அதில் ஐந்தில் நாலு பேர் கிராமத்துக்காரர்களாக உள்ள மாவட்டத்துக்கு ஏன் இல்லை என்று கேட்பது தப்பா?

அந்த மறுவரையறைச் சட்டத்தின் 9-ஆவது பிரிவு, கூடுமானவரை தொகுதி ஒரே நிலப்பரப்பாக இருக்க வேண்டும், நிர்வாக எல்லைகளையும் போக்குவரத்தையும் மக்களின் வசதியையும் கவனிக்க வேண்டும் என்கிறது. விராலிமலைக்காரரும் திண்டுக்கல் மாவட்டத்து வேடசந்தூர்க்காரரும் ஒரே தொகுதி. அறந்தாங்கிக்காரரும் திருச்சுழிக்காரரும் ஒரே தொகுதி, இந்த இரண்டு ஊருக்கும் நடுவே பெண் எடுத்ததாகவோ மாடு வாங்கியதாகவோ நான் கேள்விப்பட்டதே இல்லை. இதில் மக்களின் வசதி எங்கே இருக்கிறது?

ஒரு எம்.பி.க்குப் பதில் நாலு எம்.பி. கிடைத்தால் லாபம்தானே என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. இப்போது இருக்கிற நால்வர் மேலும் எனக்குத் தனிப்பட்ட குறை கிடையாது. ஆனால் நாங்கள் எங்கே போனாலும் ஆறில் ஒன்று, மிஞ்சிப்போனால் ஆறில் இரண்டு. 2009-ல் மட்டும் சிவகங்கையில் ஜெயித்தவருக்கும் தோற்றவருக்கும் வித்தியாசம் 3,354 ஓட்டாக வந்ததால் அந்த வருடம் எங்கள் ஓட்டுக்கும் ஒரு மரியாதை இருந்தது. தஞ்சாவூரிலிருந்து கந்தர்வகோட்டை வழியாகப் புதுக்கோட்டைக்கு ரயில் பாதை கேட்டுக்கொண்டே இருக்கிறோம், அதைத் தன் முதல் வேலையாக எடுத்துப் பேச வேண்டியவர் யார்? 2021-ல் விராலிமலைப் பக்கம் குன்னத்தூரில் அடிக்கல் நாட்டிய காவிரி–வைகை–குண்டாறு கால்வாய்க்கு மத்திய அரசிடம் பணம் கேட்க வேண்டியவர் யார்? ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம் மீனவர்களை இலங்கைக் கடற்படை பிடித்துப்போகும்போது அந்தக் குடும்பங்கள் கலெக்டர் ஆபீசுக்கு வடக்கே வருகின்றன, எம்.பி.யைப் பார்க்கத் தெற்கே போகின்றன.

2009 மே 13 அன்று என் பூத்தில் '49 ஓ', அதாவது யாருக்கும் ஓட்டுப் போடவில்லை என்று பதிவு செய்கிற விதி, வேண்டும் என்று கேட்டேன். அங்கிருந்த அலுவலர் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, எல்லா ஏஜென்டுகளுக்கும் கேட்கிற மாதிரி 'ஓட்டுப் போட மாட்டீங்களா?' என்றார். பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன், ரகசிய ஓட்டு அன்றைக்கு ஊருக்கே தெரிந்துபோனது. 2014-ல் நோட்டா பொத்தான் வந்ததால் அந்தச் சங்கடம் இல்லை. என்னைப் போல எங்கள் மாவட்டத்தில் நிறையப் பேர் தொகுதி போன கோபத்தில் இதைச் செய்தார்கள். 2019-ல் வெறுத்துப்போய் மறுபடி சின்னத்துக்கே போட்டுவிட்டேன், அதையும் மறைக்கவில்லை.

இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 தேதியைக் குறித்திருக்கிறார்கள், மறுவரையறைப் பேச்சும் கிளம்பிவிட்டது. தமிழ்நாட்டுக்கு எத்தனை இடம் என்ற பெரிய சண்டையைப் பெரியவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். எண்ணிக்கை மாறினால் ஆறு என்ற கணக்கும் மாறலாம், எங்களுக்குத் தந்தால் சிவகங்கைக்கும் ராமநாதபுரத்துக்கும் மறுபடி குறையும், அதை எப்படி நிரப்புவது என்பது ஆணையத்தின் தலைவலி. ஆணையத்தின் உத்தரவு வந்துவிட்டால் அதை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போக முடியாது என்று சட்டத்திலேயே எழுதியிருந்தது, போன தடவை நாங்கள் கோட்டை விட்டதும் அங்கேதான். வரைவு வெளியான காலத்தில் ஆட்சேபணை எழுத வேண்டும் என்று எங்கள் ஊரில் யாருக்குமே தெரியாது. எனக்கும் தெரியாது.

ஆகவே நான் கேட்பது இவ்வளவுதான். இந்த மாவட்டம் முழுவதையும் ஒரே நாடாளுமன்றத் தொகுதிக்குள் வைக்க வேண்டும், அதற்குப் புதுக்கோட்டை என்றே பெயரிட வேண்டும் என்று மாவட்ட நிர்வாகத்தின் குறிப்பாக இப்போதே எழுதி, தமிழ்நாடு தலைமைத் தேர்தல் அதிகாரி வழியாக மேலே அனுப்புங்கள். வரைவு வெளியானால் ஒவ்வொரு ஊராட்சி அலுவலகப் பலகையிலும் தமிழில் ஒட்டச் செய்யுங்கள், பொது விசாரணை நடந்தால் புதுக்கோட்டை டவுனில் ஒருநாள் வேண்டும் என்று கேளுங்கள். அதுவரைக்கும், நான்கு உறுப்பினர்களின் தொகுதி மேம்பாட்டு நிதி, அதாவது ஆளுக்கு வருடம் 5 கோடியில், நம் மாவட்டத்துக்குள் எந்த ஊரில் எவ்வளவு செலவானது என்பதை ஒரே பட்டியலாக வருடம் ஒருமுறை வெளியிடுங்கள். சின்ன வேலைதான், உங்கள் அலுவலகத்திலேயே காகிதம் இருக்கும். அப்படியே திருக்கோகர்ணம் அருங்காட்சியகத்தில் ஒரு சுவர் ஒதுக்கி, முதல் பொதுத்தேர்தலிலிருந்து 2004 வரை இந்தத் தொகுதியின் 14 தேர்தல் முடிவுகளையும் பழைய எல்லை வரைபடத்தோடு மாட்டிவைத்தால், பள்ளிப் பிள்ளைகள் வந்து பார்க்கும்போது அவர்களுக்கும் தெரியும்.

இந்த மனுவோடு நான் கையால் போட்ட அந்தத் தாளையும், எந்த மாவட்டத்தின் எந்தத் தொகுதி எங்கே போனது என்கிற கணக்கு, இணைத்திருக்கிறேன். கையெழுத்து கொஞ்சம் மோசமாக இருக்கும், படிக்க முடியாவிட்டால் கூப்பிடுங்கள், நேரில் வந்து விளக்குகிறேன். மனு எண்ணோடு ஒரு ஏற்புச் சீட்டு கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
புதுக்கோட்டை தொகுதியின் பழைய வாக்காளர்,
இன்றைய சிவகங்கை தொகுதி வாக்காளர்

இணைப்பு: கைக்கணக்குத் தாள் 1