செஸ்டர் ஹார்டிங் கட்டுரைக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

அமெரிக்க ஓவியர் செஸ்டர் ஹார்டிங்கின் வாழ்க்கை பற்றிய என் கட்டுரை ஒருவழியாக முடிந்தது. தனியாளாக இதை முடித்திருக்கவே முடியாது.

முதலில் நூலகர் அம்மாவுக்கு. ஹார்டிங் தன் பிள்ளைகளுக்காக எழுதிவைத்த நினைவுகளை மகள் மார்கரெட் தொகுத்து 1890-இல் வெளியிட்டார். அந்தப் புத்தகத்தைத் தேடி எடுத்துத் தந்தவர் நீங்கள்தான். அது கிடைக்காமல் போயிருந்தால் என் கட்டுரை பிறந்த ஊர், இறந்த ஆண்டு என்று வெறும் குறிப்பாகவே நின்றிருக்கும்.

ஹார்டிங் 1792-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிறந்தவர். நாற்காலி செய்தார், விடுதி நடத்தினார், கடன் கழுத்தை நெரிக்க ஊரைவிட்டே ஓடினார். பிறகு திரும்பி வந்து மனைவி கரோலைனையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு, அலிகெனி ஆற்றில் கட்டுமரத் தெப்பத்தில் பிட்ஸ்பர்க் போய்ச் சேர்ந்தார். அங்கே வீடுகளுக்கு வண்ணம் அடித்தார், கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதினார். அந்த வண்ணத்தை வைத்தே ஒரு பலகையில் கரோலைனை வரைந்தார். சாயல் வந்ததும் ஹார்டிங்குக்கு மகிழ்ச்சியில் தலைகால் புரியவில்லை. தானாகக் கற்றவர் என்று எல்லோரும் சொல்கிறார்கள், சரிதான். ஆனால் ஓடிப்போன கணவனை நம்பிக் கிளம்பி வந்து, அவன் முன்னால் அசையாமல் உட்கார்ந்த கரோலைனுக்கும் அதில் பங்கு உண்டு என்பேன்.

இந்த இடத்தை எழுத வராமல் நின்றபோது ஓவிய நண்பர் பட்டறைக்கு அழைத்துப் பலகையில் வரைந்தே காட்டினார். பெயர்ப்பலகை எழுத்துக்கு ஒரே நிறம் பளிச்சென்று நின்றால் போதும். முகம் வரையும்போது கன்னத்துக்கோ ஒரு நிறம் இன்னொன்றில் கரைய வேண்டும். ஹார்டிங் தாண்டிய தூரம் அப்போதுதான் பிடிபட்டது. நண்பரே, அந்த மாலைக்கு நன்றி.

1820 ஜூனில் மிசௌரிக் காட்டுப்பக்கம் போய் டேனியல் பூன் என்ற புகழ்பெற்ற அமெரிக்க எல்லைப்புற முன்னோடியை வரைந்தார் ஹார்டிங். முதியவர் அப்போது குடிசையில், துப்பாக்கி மருந்து கெட்டிக்கும் கோலில் மான் இறைச்சியைச் சுற்றி வாட்டிக்கொண்டிருந்தாராம். பழைய துப்பாக்கிகள் சேர்க்கும் பக்கத்து வீட்டுப் பெரியவர் அப்படியொரு கோலை என் கையிலேயே கொடுத்துப் பார்க்கச் சொன்னார். செப்டம்பரில் பூன் இறந்துவிட்டார். அவரை நேரில் பார்த்து வரைந்ததாக நமக்குத் தெரிந்த படங்கள் ஹார்டிங் வரைந்தவை மட்டுமே.

அப்புறம், மெய்ப்புப் பார்த்துத் தந்த தமிழாசிரியை அக்காவுக்கு. ஹார்டிங்கின் லண்டன் பயணம் பற்றிய பகுதியைப் பாதியாக வெட்டச் சொன்னீர்கள், வெட்டிவிட்டேன். அந்த இடத்தைக் கரோலைனுக்குக் கொடுத்திருக்கிறேன். உங்கள் எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.